பழைய வீட்டுக் குடிநீர்: குழாயை மாற்றுவதா, ஆர்.ஓ. போடுவதா, தனி லைன் இழுப்பதா?

காலை ஐந்தரைக்கு எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்தால் முதல் சொம்புத் தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் வரும். அம்மா அதை அப்படியே கொல்லையில் இருக்கும் வாழைக்கு ஊற்றிவிட்டு, அடுத்த சொம்பிலிருந்துதான் காபிக்குப் பிடிப்பார். பத்து வருஷமாக இதுதான் பழக்கம். தங்கை குழந்தையோடு வந்து, அதற்குக் கஞ்சி கொடுக்கும் வயசு வந்த பிறகுதான் அந்த முதல் சொம்பு எங்களை உறுத்த ஆரம்பித்தது.

வீடு சென்னை நங்கநல்லூரில். 1984-ல் கட்டியது. உள்ளே ஓடுவது முழுக்க அந்தக் காலத்து ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். தெருவிலிருந்து வரும் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர், தரைக்கடித் தொட்டியான சம்பில் விழும். அங்கிருந்து மோட்டார் வழியாக மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, பிறகு சுவருக்குள் பதித்த ஜி.ஐ. குழாய்களில் இறங்கும். சென்னையில் பழைய தனி வீடுகள் பலவற்றில் இதே அமைப்புதான்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் தெரு பிளம்பர் அண்ணன், "மொத்தத்தையும் பிடுங்கிட்டு சிபிவிசி போட்டுடலாம் சார்" என்றார். சிபிவிசி என்பது ஒரு வகை பிளாஸ்டிக் குழாய். எதிர்வீட்டு மாமா ஆர்.ஓ., அதாவது தண்ணீரை நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் எந்திரம், போதும் என்றார். அப்பாவுக்குக் கேன் தண்ணீர் மேல் நம்பிக்கை. எனக்குக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு தனி லைன் இழுத்தால் என்ன என்று தோன்றியது. ஒவ்வொன்றையும் விசாரித்து, எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்க்க இரண்டு மாதம் ஆனது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

குழாயைத் தொடுவதற்கு முன் பாட்டில்

எந்த வழியை எடுப்பது என்பதற்கு முன்னால், தண்ணீர் எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரிய வேண்டும். தெருக் குழாய், சம்ப், மாடித் தொட்டி, சுவருக்குள் போகும் பைப், கடைசியில் இருக்கும் பித்தளைக் குழாய் என ஐந்து இடங்கள். இதில் எது குற்றவாளி என்று தெரியாமல் காசைக் கொட்டினால், தவறான இடத்தைச் சரி செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் செய்தது இதுதான். சம்புக்கு முன்னால் இருக்கும் தெரு லைனில் ஒரு பாட்டில். ராத்திரி முழுக்கத் திறக்காத சமையலறைக் குழாயில் விடியற்காலை வரும் முதல் தண்ணீர் ஒரு பாட்டில். அதே குழாயை மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு இன்னொரு பாட்டில். மாடித் தொட்டியிலிருந்து நேராக நான்காவது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசோதித்துத் தருகிறார்கள். தனியார் ஆய்வகங்களும் உண்டு. கிருமிப் பரிசோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது. ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிரில் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். உலோகப் பரிசோதனையில் ஈயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரணப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது.

காலை முதல் தண்ணீருக்கும் ஓடவிட்ட தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் வீட்டுக் குழாய் தண்ணீரில் சேர்க்கும் பங்கு. இரவெல்லாம் உலோகத்தோடு ஒட்டி நின்ற தண்ணீர் அந்த உலோகத்தைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. தெருத் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் சம்பும் தொட்டியும் சேர்ப்பது.

எங்களுக்கு வந்த முடிவு நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. இரும்பு, முதல் தண்ணீரில் மட்டும் அதிகம், ஓடவிட்டால் இறங்கிவிட்டது. ஈயம் முதல் தண்ணீரில் தென்பட்டது, ஆனால் வரம்புக்குள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆனால் தொட்டித் தண்ணீரில் கோலிஃபார்ம், அதாவது கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா, இருந்தது. தெருவில் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த துருவைத் துரத்திக்கொண்டிருந்தோம். கண்ணுக்குத் தெரியாதது சம்பிலும் தொட்டியிலும் இருந்திருக்கிறது.

குளோரின் பார்க்கும் சின்னக் கிட் ஒன்று வாங்கிப் பார்த்தேன். சொட்டு விட்டால் தெருத் தண்ணீர் மஞ்சளானது. தொட்டித் தண்ணீர் நிறமே மாறவில்லை. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சம்பில் இரண்டு நாள், வெயிலில் காயும் தொட்டியில் ஒரு நாள் நின்றால் அது பறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உள்ளே எது நுழைந்தாலும் தடுக்க ஆளில்லை.

வழி ஒன்று: பழைய ஜி.ஐ. அப்படியே, முனையில் ஆர்.ஓ.

எளிதில் முடிகிற வேலை இது. சுவரை உடைக்க வேண்டாம், ஒரே மதியத்தில் மாட்டிவிடுவார்கள். ஆர்.ஓ. ஈயத்தையும் உப்பையும் உண்மையாகவே குறைக்கும், கிருமியையும் தடுக்கும். போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், அதில் உப்பு மிக அதிகம் என்கிற வீட்டுக்கு இதைவிட்டால் வேறு வழி குறைவு.

ஆனால் எங்களுக்கு வருவது மெட்ரோ வாட்டர். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்ற அடிப்படையில்தான் 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்குத் தடை கொண்டுவரச் சொன்னது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கிடைக்க இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற ஊரில் இருந்துகொண்டு அதைச் சாக்கடையில் விட எனக்கு மனசு வரவில்லை. துரு வேறு முன்னால் இருக்கும் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும், மெம்பரேன் என்கிற அந்தச் சவ்வையும் கெடுக்கும்.

புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூ.வி. மட்டும் போதுமா என்றால், அது உலோகத்தைத் தொடாது. தண்ணீர் கலங்கியிருந்தால் ஒளி உள்ளே போகாது, துருத் துகளுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும். யூ.வி.க்கு முன்னால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

கொதிக்க வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா அதைத்தான் முதலில் சொன்னார். கிருமிக்கு அது அருமையான வழி. ஈயத்துக்கோ இரும்புக்கோ உதவாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சமிருப்பதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஆர்.ஓ. வாங்கியே தீருவது என்றால் ஒரு கவனம் வேண்டும். உப்பு நீக்கிய தண்ணீர் உலோகத்தைக் கரைக்கப் பசியோடு இருக்கும். அதைப் பித்தளைக் குழாய் வழியாகத் திரும்ப இழுக்காதீர்கள். எந்திரத்திலிருந்து நேராகப் பாத்திரத்துக்கு வரட்டும்.

வழி இரண்டு: வீடு முழுக்கப் புதுக் குழாய்

ஜி.ஐ. குழாயில் நடப்பது இதுதான். உள்ளே பூசிய துத்தநாகம் வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது தீர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். துரு கொப்புளம் கொப்புளமாக வளர்ந்து குழாயின் வயிற்றைச் சுருக்கும். எங்கள் குளியலறையில் ஒரு எல்போவைக் கழற்றியபோது அரை இஞ்ச் ஓட்டையில் பென்சில் போகிற அளவுதான் மிச்சம். அந்தக் கொப்புளங்களில்தான் கிருமிப் படலம் ஒட்டி வாழ்கிறது. பழைய துத்தநாகப் பூச்சில் ஈயம் ஒரு கலப்பாகவே இருந்திருக்கிறது. துரு அதையும் வேறு உலோகங்களையும் பிடித்து வைத்துக்கொண்டு எப்போதாவது உதிர்க்கும்.

எப்போது உதிர்க்கும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தி, ஊர் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அரிமானத்தைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகக் குழாயின் உள்சுவரில் படிந்து காப்பாக இருந்த படலம் பிய்ந்து, ஈயம் வீடுகளின் குழாய்களில் வந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் அது தெரிந்தது. குழாய் அதேதான், தண்ணீரின் குணம்தான் மாறியது. எங்கள் வீட்டில் ஈயக் குழாய் கிடையாது, அந்த அளவு பயமும் இல்லை. ஆனாலும் சென்னைக்குத் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செங்குன்றம், பூண்டி, செம்பரம்பாக்கம், வீராணம், அப்புறம் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. பருவத்துக்குப் பருவம் தண்ணீரின் குணம் மாறும்போது பழைய குழாயும் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். சில மாதம் துரு கொட்டுவதும் சில மாதம் தெளிவதும் இதனாலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, மாற்றுவதென்றால் எதற்கு?

சிபிவிசிதான் இப்போது எங்கும் போடுகிறார்கள். துருப்பிடிக்காது, உள்ளே வழவழப்பு, கீசர் தண்ணீரையும் தாங்கும். ஐ.எஸ். 15778 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். எஸ்.டி.ஆர். 11, எஸ்.டி.ஆர். 13.5 என்று இரண்டு தடிமன் உண்டு. எண் குறைந்தால் தடிமன் கூடுதல், வெந்நீருக்கு 11. ஒட்டும் பசைதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். பசையை அள்ளிப் பூசினால் உள்ளே வழிந்து நிற்கும், ஆரம்ப நாட்களில் தண்ணீரில் அந்த வாடை அடிக்கும். காய வேண்டிய நேரம் காயவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே குடிக்கத் தொடங்கலாம். வெயிலில் நேரடியாகக் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும். மொட்டைமாடியில் போகும் பகுதிக்குத் தண்ணீரில் கரையும் பெயின்ட் அடித்துவிட வேண்டும், எண்ணெய் பெயின்ட் கூடாது.

யூபிவிசி விலை குறைவு, குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும். வெள்ளை பிவிசி பைப்புகளில் நிலைப்படுத்தியாக ஈயம் சேர்ப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதை நீக்க மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் விதி கொண்டுவந்தது. அதனால் கடையின் மூலையில் கிடக்கும் பழைய சரக்கை மலிவாகக் கொடுத்தால் குடிநீருக்கு வாங்காதீர்கள். குழாயின் மேல் 'லெட் ஃப்ரீ' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிபிஆர் குழாயில் பசையே கிடையாது. இரண்டு முனையையும் சூடாக்கி உருக்கி ஒட்டுவார்கள், இணைப்பு ஒரே உடம்பாகிவிடும். குடிநீருக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் கூடுதலாகச் சூடு காட்டினால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே வளையமாகத் திரண்டு வழியை அடைக்கும். கை தேர்ந்த ஆள் வேண்டும். எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. தெரியாத கையில் நல்ல குழாயைக் கொடுப்பதைவிட, தெரிந்த கையில் சுமாரான குழாயைக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரண்டும் விலை விசாரித்ததோடு சரி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பழைய ஜி.ஐ.யோடு செம்பை நேராக இணைக்கச் சம்மதிக்காதீர்கள். செம்பு வழியாக வந்த தண்ணீர் ஜி.ஐ.யில் நுழைந்தால் இரும்பு வேகமாக அரிக்கும். ஸ்டீலில் 304 வகை கடற்கரைப் பக்கத்து உப்பு போர் தண்ணீரில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழக்கூடும். அங்கே 316 கேட்க வேண்டும்.

வீடு முழுக்க மாற்றுவதில் என் தயக்கம் பொருளைப் பற்றியதல்ல. டைல்ஸ் உடைத்து, மூன்று வாரம் வயதான அப்பா அம்மாவை வேறு இடத்தில் வைத்து, இவ்வளவும் செய்தாலும் கோலிஃபார்ம் அப்படியேதான் இருக்கும். ஏனென்றால் அது குழாயில் இல்லை. அதோடு, கழிப்பறை ஃப்ளஷுக்கும் துணி துவைக்கவும் குழந்தை குடிக்கும் தரத்தில் தண்ணீர் தேவையில்லையே.

ஒரு வேளை உங்கள் வீட்டில் எப்படியும் குளியலறையை உடைத்துக் கட்டப்போகிறீர்கள், அல்லது குழாய் அடைத்து ஷவரே வராத நிலை என்றால் கணக்கு வேறு. அப்போது முழுதாக மாற்றிவிடுவதுதான் சரி. பாதி மாற்றி பாதி விட்டால், வேலையின்போது அதிர்ந்த பழைய துரு பல வாரம் கொட்டிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவ மறக்காதீர்கள். பயன்படாத பழைய லைனை மூடி போட்டு அப்படியே தொங்கவிடவும் கூடாது. அந்த முட்டுச்சந்தில் நிற்கும் தண்ணீர் அழுகி, ஓடும் தண்ணீரோடு கலக்கும்.

வழி மூன்று: கேன் தண்ணீர்

குடிக்க ஆகும். ஆனால் அரிசி களையவும் பருப்பு வேகவும் கஞ்சி காய்ச்சவும் கேனைக் கவிழ்ப்பார்களா? எங்கள் வீட்டில் மாட்டார்கள். குழந்தையின் வயிற்றுக்குப் போவதில் பெரும் பங்கு சமையலில்தான்.

வழி நான்கு: குடிநீருக்குத் தனி லைன்

சென்னைக்காரர்கள் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டாகப் பிரித்துத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினையைக் குழாயிலும் கொண்டுவருவதுதான் இது. சமையலறையில் ஒரே ஒரு குழாய்க்கு மட்டும் புது லைன். மற்றதெல்லாம் பழையபடி.

இதில் இரண்டு மாதிரி பார்த்தோம். முதல் மாதிரி, சம்புக்கு முன்னாலேயே தெரு லைனில் ஒரு குழாய் வைத்து, குளோரினோடு வரும் தண்ணீரை நேராகக் குடத்தில் பிடிப்பது. அடிபம்பு காலத்து வழி. சுத்தத்தில் இதற்கு ஈடில்லை, செலவும் ஒன்றுமில்லை. தண்ணீர் விடும் நேரத்தில் முதல் சில நிமிடம் வருவதைச் செடிக்கு விட்டுவிட வேண்டும். ஓடாமல் நின்ற குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம். இதே காரணத்துக்காகத்தான் தெரு லைனில் நேராக மோட்டார் போடக் கூடாது என்கிறார்கள். அது சட்டப்படி தப்பு என்பதோடு, பக்கத்தில் ஓடும் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சக்கூடும். அடுத்த வீட்டுக் குழந்தையும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. எழுபத்தைந்து வயதில் அம்மா குனிந்து குடம் தூக்க முடியாது என்பதால் இந்த மாதிரியை விட்டோம்; தூக்க ஆள் இருக்கும் வீட்டில் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது மாதிரியைத்தான் செய்தோம். மொட்டைமாடியில் நிழலில் 200 லிட்டர் ஸ்டீல் தொட்டி ஒன்று. எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு ஐம்பது லிட்டர் ஆகிறது, ஆகவே நான்கு நாளில் தண்ணீர் முழுதாக மாறிவிடும். பெரிய தொட்டி வாங்கச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். நிற்கும் தண்ணீர் குறைய வேண்டும் என்பதுதான் இங்கே நோக்கம். அதிலிருந்து சிபிவிசி எஸ்.டி.ஆர். 11 குழாய் வெளிச்சுவரின் மேலேயே இறங்கி, ஜன்னல் பக்கமாகச் சமையலறைக்குள் வருகிறது. சுவரை உடைக்கவில்லை, பார்க்கக் கொஞ்சம் அழகு குறைவு. முனையில் சின்ன யூ.வி. ஒன்று, இப்போது தண்ணீர் தெளிவு என்பதால் அது வேலை செய்யும். பழைய பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டு ஸ்டீல் குழாய் வைத்தோம். பித்தளையில் கடைசல் எளிதாக வர ஈயம் சேர்ப்பது வழக்கம், எங்கள் முதல் தண்ணீரில் தெரிந்த ஈயத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

போர் லைனுக்கும் நல்ல தண்ணீர் லைனுக்கும் நடுவே ஒரே ஒரு வால்வை வைத்து இணைத்திருந்ததையும் இந்தச் சாக்கில் வெட்டிவிட்டோம். வால்வு தேய்ந்தால் இரண்டும் கலந்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இணைப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

ஆனால் இந்தச் சின்னத் தொட்டிக்கும் தண்ணீர் சம்பிலிருந்துதான் ஏறுகிறது, ஆகவே இந்த லைனுக்கு அடிப்படை சம்ப்தான். எங்கள் சம்பின் மூடி தரையோடு தரையாக இருந்தது. மழையில் வாசல் தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கியிருக்கிறது. சாக்கடை மூடி அங்கிருந்து நான்கு அடி. விளிம்பை ஒரு அடி உயர்த்தி, உள்சுவர் விரிசலைப் பூசி, தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டோம். பெரிய தொட்டியின் உபரிக் குழாய்க்கு வலை கட்டினோம். செலவென்று பார்த்தால் இதுதான் மிகக் குறைவு. பலன் இதில்தான் அதிகம் என்று நம்புகிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் முடியாது. அவர்கள் காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கு விடலாம். எங்கள் அம்மா செய்தது அறியாமல் செய்த சரியான காரியம். குழாய் முனையை மாதம் ஒரு முறை கழுவலாம். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று கீசர் தண்ணீரைப் பிடித்து உலை வைப்பதை நிறுத்தலாம். சூடான தண்ணீர் உலோகத்தைக் கூடுதலாகக் கரைக்கும், கீசருக்குள் பல நாள் வண்டலும் கிடக்கும். அடுக்குமாடி என்றால் சங்கக் கூட்டத்தில் சம்ப், தொட்டி கழுவும் தேதியைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்கிறதா என்று பாருங்கள்.

புது லைனில் மூன்று தொட்டித் தண்ணீரை வீணாக்காமல் துவைக்கவும் மாடி கழுவவும் விட்டு அலசிய பிறகு குடிக்க ஆரம்பித்தோம். பசை வாடை நான்காம் நாள் போனது. முதல் மாதப் பரிசோதனையில் கோலிஃபார்ம் இல்லை, முதல் தண்ணீரில் இரும்பும் இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி நான்கு பாட்டில் கொடுக்க இருக்கிறேன். உயர்த்திய சம்ப் விளிம்பு தாங்கியதா என்று அப்போதுதான் தெரியும்.